ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள்: ரெய்னியரா, ஒலிம்பிக்கா, நார்த் கேஸ்கேட்ஸா?

கோடை வந்தால் சியாட்டில், பெல்வியூ, ரெட்மண்ட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருப்பார்கள். வீட்டில் சின்னக் குழந்தைகள் இரண்டு பேர். கையில் இருப்பது ஒரு சனிக்கிழமை, மிஞ்சிப்போனால் ஒரு நீண்ட வார இறுதி. வாஷிங்டன் மாநிலத்தில் தேசியப் பூங்காக்கள் மூன்று இருக்கின்றன. மூன்றும் அழகு என்பதால் அழகை வைத்து முடிவெடுக்க முடியாது. முட்டிவலி உள்ள பாட்டிக்கும் ஐந்து வயதுப் பேரனுக்கும் ஒரே நாளில் ஒத்துவருவது எது என்றுதான் பார்க்க வேண்டும்.

அவசரக்காரர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரே நாள்தான் இருக்கிறது, மாதம் ஜூலை நடுப்பகுதி முதல் செப்டம்பருக்குள் என்றால் ரெய்னியர். இரண்டு இரவு தங்க முடிந்தால் மட்டும் ஒலிம்பிக். அதிகம் நடக்க முடியாதவர்கள் வீட்டில் இருந்து, கூட்டமும் பிடிக்காது என்றால் நார்த் கேஸ்கேட்ஸ். இந்த முடிவு எப்போது மாறும் என்பதைக் கீழே பார்க்கலாம்.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

முதலாவது, காரில் உட்காரும் நேரம். போக வர ஐந்து மணி நேரம் வரை பெரியவர்களும் குழந்தைகளும் தாங்குவார்கள். அதற்கு மேல் போனால் திரும்பும் வழியில் அழுகையும் கால் வீக்கமும்தான் மிஞ்சும். மூன்று இடத்துக்கும் மலைப்பாதை வளைவுகள் உண்டு. ஆறு பேர் ஏழு சீட்டு வண்டியில் போனால் கடைசி வரிசையில் இருப்பவருக்குத்தான் முதலில் குமட்டும். அங்கே யாரை உட்கார வைப்பது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

இரண்டாவது, கார் கதவைத் திறந்த இடத்திலிருந்து காட்சி எவ்வளவு தூரம். நடைபாதைப் பட்டியல்களில் 'ஈஸி' என்று எழுதியிருப்பது அமெரிக்க மலையேறிகளின் கணக்கு. வேரும் கல்லும் உள்ள ஒரு மைல், பாட்டிக்கு ஈஸி ஆகாது. தார் போட்ட பாதையா, படிக்கட்டு உண்டா, நடுவில் உட்கார இடம் உண்டா என்று பாருங்கள்.

மூன்றாவது, மாதம். இங்கே உயரமான இடங்களில் கோடை என்பது ஏறக்குறைய பத்து வாரம்தான்.

கழிப்பறை, சாப்பாடு, பெட்ரோல், போன் சிக்னல் எல்லாம் நான்காவது. கடைசியாகச் செலவு. நுழைவுக் கட்டணம் அதில் சிறிய பகுதி. ஃபெர்ரி, தங்குமிடம், பெரிய வண்டி வாடகை ஆகியவைதான் பணத்தைத் தின்னும். இந்த மாநிலத்தில் 4 அடி 9 அங்குலத்துக்குக் குறைவான குழந்தைக்குக் கார் சீட்டோ பூஸ்டரோ சட்டப்படி கட்டாயம். அண்ணன் குழந்தைகளும் சேர்ந்து வந்தால் அவர்களுக்கும் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டியிருக்கும்.

| | ரெய்னியர் (பாரடைஸ்) | ஒலிம்பிக் | நார்த் கேஸ்கேட்ஸ் (டயாப்லோ ஏரி) |
|---|---|---|---|
| சியாட்டிலிலிருந்து ஒரு வழி | சுமார் 2½ மணி | ஹரிக்கேன் ரிட்ஜ் 3 மணி, ஹோ மழைக்காடு 4 மணி | சுமார் 2½ மணி |
| நுழைவுக் கட்டணம் | காருக்கு 30 டாலர், 7 நாள் | காருக்கு 30 டாலர், 7 நாள் | கிடையாது |
| நல்ல காலம் | ஜூலை நடு முதல் செப்டம்பர் | ஜூன் முதல் செப்டம்பர். காட்டுக்கு எல்லா மாதமும் | ஜூலை, ஆகஸ்ட். அக்டோபர் முதல் வாரம் |
| நடக்காமல் கிடைப்பது | மலை முழுதும் | ரிட்ஜ் காட்சி, ரியால்டோ கடற்கரை | ஏரி, வாஷிங்டன் பாஸ் கணவாய் |
| சாப்பாடு | பார்வையாளர் மையத்தில் சிற்றுண்டி | ஊர்களில் மட்டும் நம்பலாம் | கட்டிக்கொண்டு போவதே நல்லது |
| காரியத்தைக் கெடுப்பது | மேகம், பார்க்கிங் | தூரம், ஃபெர்ரி வரிசை | காட்டுத்தீப் புகை |

## ரெய்னியர்

இந்தப் பூங்காவில் நாம் போகும் இடம் பாரடைஸ். அதன் பலம், இறங்கியதும் மலை எதிரே நிற்பதுதான். பனியாறுகள் வழியும் 14,410 அடி எரிமலையை, 5,400 அடியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபடி பார்க்கலாம். பார்வையாளர் மையத்தில் ஃப்ளஷ் கழிப்பறை, லிஃப்ட், சூடான காபி உண்டு. உயரத்தை நினைத்துப் பெரியவர்கள் பயப்பட வேண்டியதில்லை, ஏற்காட்டைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். குளிருக்குத்தான் தயாராக வேண்டும். கீழே 30 டிகிரி வெயில் அடிக்கும் நாளிலும் மேலே ஸ்வெட்டரும் மூடிய காலணியும் வேண்டும். புடவைக்கு அடியில் சாக்ஸும் ஸ்னீக்கரும் போட்டுக்கொள்ள அம்மாவை எப்படியாவது சம்மதிக்க வையுங்கள்.

கொஞ்சம் நடக்கக்கூடியவர்களுக்கு மிர்ட்டில் அருவி இருக்கிறது. பாரடைஸ் இன் விடுதியின் பக்கத்திலிருந்து கிளம்பும் தார்ப் பாதை, போக அரை மைல்கூட இல்லை. ஸ்ட்ரோலர் போகும். ஏற்றம் இருப்பதால் சக்கர நாற்காலியைத் தள்ள வலுவான ஆள் வேண்டும். அருவியும் மலையும் ஒரே படத்தில் விழும் இடம், பாலத்தருகே சில படிகள் கீழே இறங்கினால் வரும். அந்த இறக்கம் செங்குத்து. பெரியவர்கள் பாலத்தோடு நிற்கட்டும், மலை அங்கிருந்தே நன்றாகத் தெரியும். ஸ்கைலைன் பாதையை 'பாரடைஸில் கட்டாயம் போக வேண்டியது' என்று எல்லோரும் சொல்வார்கள். அது 5½ மைல் சுற்று, 1,700 அடி ஏற்றம். பத்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளோடு முழுச் சுற்றுக்கு ஆசைப்பட வேண்டாம்.

மாதத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பள்ளி விடுமுறை ஜூனில் தொடங்குகிறது, பாரடைஸின் கோடை அப்போது தொடங்குவதில்லை. ஜூனில் பாதைகள் பனிக்கு அடியில்தான் கிடக்கும், மிர்ட்டில் அருவிப் பாதையும் சேர்த்து. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், பெரியவர்கள் பார்க்கிங்கைத் தாண்ட முடியாது. 1971-72 குளிர்காலத்தில் 93 அடிக்கு மேல் பனி கொட்டிப் பதிவான இடம் இது. காட்டுப்பூக்கள் ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை. கொசுவும் அதே வாரங்களில்தான் வரும், மருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தலைவலி பார்க்கிங். வெயில் அடிக்கும் வார இறுதியில் காலை பத்து மணிக்கெல்லாம் மேலே இடம் தீர்ந்து, நிஸ்குவாலி நுழைவாயிலில் கார் வரிசை நீளும். எட்டு மணிக்குள் வாயிலைக் கடப்பது ஒரு வழி. குழந்தைகளை அவ்வளவு விடியலில் எழுப்ப முடியாதவர்கள் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் போய்ச் சேரலாம். ஜூலையில் சூரியன் மறைய ஒன்பது மணி ஆகும். மலை இளஞ்சிவப்பாக மாறும் நேரத்தில் கூட்டம் கிளம்பியிருக்கும், தயிர்சாதப் பொட்டலத்தை நிம்மதியாகப் பிரிக்கலாம். இரவு வளைவுப் பாதையில் ஓட்ட மான்களைக் கவனிக்கும் நிதானமான ஓட்டுநர் வேண்டும் என்பதுதான் இதற்கான விலை.

பூங்காவுக்குள் நுழையும் நேரத்தை முன்பதிவு செய்யும் விதி வருடத்துக்கு வருடம் மாறுகிறது. 2024-ல் பாரடைஸுக்கும், பூங்காவின் இன்னொரு பக்கமான சன்ரைஸுக்கும் கேட்டார்கள், 2025-ல் சன்ரைஸுக்கு மட்டும். கிளம்பும் வருட விதியைப் பூங்காவின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் போகாதீர்கள். பெரிய மரங்களுக்குப் பெயர்போன 'க்ரோவ் ஆஃப் தி பேட்ரியார்க்ஸ்' பாதை, 2021 நவம்பர் வெள்ளத்தில் தொங்குபாலம் சிதைந்ததிலிருந்து மூடிக் கிடந்தது. மோவிச் ஏரிக்குப் போகும் வழியில் உள்ள ஃபேர்ஃபேக்ஸ் பாலம் 2025 ஏப்ரலில் நிரந்தரமாக மூடப்பட்டது, கார் போகாது. ஜிபிஎஸ்ஸில் 'மவுண்ட் ரெய்னியர்' என்று மட்டும் போட்டால் வேறு வாயிலுக்கோ காட்டுப் பாதைக்கோ இழுத்துப்போகலாம். 'பாரடைஸ், ஹென்ரி ஜாக்சன் பார்வையாளர் மையம்' என்று முழுதாகப் போடுங்கள். பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது.

கிளம்பும் காலையில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பாரடைஸ் வெப்கேமைத் திறந்து பாருங்கள். சியாட்டிலில் மேகம் மூடியிருந்தாலும் மேலே வெயில் இருக்கலாம், நேர்மாறாகவும் நடக்கும். வெப்கேமில் வெள்ளையாக மட்டும் தெரிந்தால் அன்றைக்குப் போகாதீர்கள். மலை தெரியாத பாரடைஸுக்கு ஐந்து மணி நேரக் கார்ப் பயணம் தண்டம்.

துளியும் நடக்க முடியாதவர் இருந்தால் பூங்காவுக்கு வெளியே கிறிஸ்டல் மவுன்டன் கோண்டோலாவையும் நினைவில் வையுங்கள். 6,872 அடி உச்சிக்குக் கம்பிவண்டி ஏற்றிவிடுகிறது, ரெய்னியர் நேர் எதிரே. ஆளுக்கொரு டிக்கெட் என்பதால் ஆறு பேருக்குச் செலவு பூங்காக் கட்டணத்தைவிடப் பல மடங்கு வரும். ஆனாலும் தாத்தாவை உச்சியில் நிறுத்திவிடலாம்.

## ஒலிம்பிக்

இங்கே மலை, மழைக்காடு, கடல் மூன்றும் ஒரே பூங்கா. அதுவே இதன் சிக்கலும். பூங்காவின் நடுவே குறுக்குச் சாலை கிடையாது. எல்லாவற்றுக்கும் 101-ஆம் நெடுஞ்சாலையில் சுற்றி வர வேண்டும். ஹரிக்கேன் ரிட்ஜிலிருந்து ஹோ மழைக்காட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 'ஒரே நாளில் மூன்றையும் பார்த்துவிடலாம்' என்று கிளம்புபவர்கள் பார்ப்பது பெரும்பாலும் 101-ஐத்தான்.

ஃபெர்ரியில் தொடங்குவோம். சியாட்டில்–பெயின்பிரிட்ஜ் 35 நிமிடம், எட்மண்ட்ஸ்–கிங்ஸ்டன் 30 நிமிடம். பெல்வியூ, ரெட்மண்ட், பாத்தெல் பக்கத்தவர்களுக்கு எட்மண்ட்ஸ்தான் வசதி. இந்த இரண்டு வழிக்கும் முன்பதிவு கிடையாது, வந்த வரிசைதான். கோடையில் வெள்ளி மாலையும் சனிக் காலையும் போகும்போது, ஞாயிறு பிற்பகல் திரும்பும்போது, ஒன்றிரண்டு கப்பல் தவறுவது சாதாரணம். காருக்கும் ஓட்டுநருக்கும் இரண்டு பக்கமும் கட்டணம். உடன் வருபவர்களுக்குப் போகும்போது மட்டும். 18 வயது வரை இலவசம், 65 தாண்டியவர்களுக்குப் பாதி. தாத்தாவின் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். கப்பலைத் தாண்டினாலும் ஹூட் கால்வாய் மிதவைப் பாலம் இருக்கிறது. கடற்படைக் கப்பலுக்காகத் திறந்தால் அரை மணி, முக்கால் மணி நிற்க வேண்டும். அதற்கு முன்பே ஒரு கழிப்பறை நிறுத்தம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹரிக்கேன் ரிட்ஜ் 5,242 அடி. போர்ட் ஏஞ்சலஸிலிருந்து 17 மைல் ஏற்றம். பார்க்கிங்கிலிருந்தே பனிமலை வரிசை விரிந்து கிடக்கும், தார் போட்ட குட்டிப் பாதைகளும் உண்டு. ஆனால் மேலே இருந்த பகல் விடுதி 2023 மே மாதம் தீயில் எரிந்துபோனது. அதன் பிறகு வசதிகள் குறைவு. தண்ணீர், சாப்பாடு, கம்பளி எல்லாம் கீழேயே எடுத்துக்கொண்டு போக வேண்டும். இந்தக் கடற்கரையோரம் போன் கனடா டவரைப் பிடித்துக்கொள்ளும். டேட்டா ரோமிங்கை அணைக்காவிட்டால் பில்லில் தெரியும்.

ஹோ மழைக்காடு வருடத்துக்கு 12 அடிக்கு மேல் மழை குடிக்கும் காடு. 'ஹால் ஆஃப் மாசஸ்' ஒரு மைலுக்குச் சற்றுக் குறைவான சுற்று. தொடக்கத்தில் மட்டும் கொஞ்சம் ஏற்றம், பிறகு மண் பாதை. தடியூன்றி நடப்பவர் மெதுவாக முடித்துவிடலாம். மேப்பிள் கிளைகளிலிருந்து பாசி திரைபோலத் தொங்கும். விழுந்து கிடக்கும் ஒரே மரத்தின் மேல் நாலைந்து புது மரங்கள் வரிசையாக வேர்விட்டு நிற்கும். அந்த வேர்களுக்கு அடியில் தெரியும் இடைவெளியைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். கீழே கிடந்த தாய்மரம் மக்கிப்போன இடம் அது. மழை பெய்தாலும் இங்கே நாள் வீணாகாது, சொல்லப்போனால் மழையில்தான் பச்சை கூடும். ஆனால் பார்க்கிங் மிகச் சின்னது. கோடையில் நிறைந்துவிட்டால் ஒரு கார் வெளியே வந்தால்தான் ஒரு கார் உள்ளே, காத்திருப்பு இரண்டு மணி நேரம்கூட ஆகும். வரிசையில் கழிப்பறை கிடையாது. காலை எட்டரைக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல் போங்கள். அது முடியாதவர்களுக்குத் தெற்கே குவினால்ட் ஏரி இருக்கிறது. ஒலிம்பியா வழியாகப் போனால் ஃபெர்ரி வேண்டாம், சுமார் மூன்று மணி நேரம். அதே வகைக் காடு, கூட்டம் பாதி. பெரியவர்களோடு போகும் குடும்பங்களுக்கு ஹோவைவிடக் குவினால்ட்தான் எங்கள் தேர்வு.

கடற்கரையில் ரியால்டோ, ரூபி இரண்டும் பெயர்போனவை. ரூபியில் இறக்கமும், கீழே குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் மரக்கட்டைகளும் பெரியவர்களைத் தடுத்துவிடும், மேலிருந்து பார்ப்பதோடு சரி. ரியால்டோவில் பார்க்கிங்கை ஒட்டியே கடல். இங்கே ஒரு எச்சரிக்கையை அலட்சியம் செய்யக் கூடாது. கரையில் கிடக்கும் அந்த மொட்டைமரங்கள் விளையாட்டுத் திடல்போலத் தோன்றும். பல டன் எடையுள்ள கட்டையை ஒரே அலை மிதக்கவிட்டு உருட்டிவிடும், ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அலை தொடும் தூரத்தில் கட்டை மேல் குழந்தையை ஏறவிடாதீர்கள். தண்ணீர் கோடையிலும் எலும்பைக் குடையும் குளிர், மெரினாபோலக் கால் நனைத்து நிற்க முடியாது. ரியால்டோவிலிருந்து 'ஹோல் இன் த வால்' பாறைத் துளை வரை ஒன்றரை மைல் கூழாங்கல் நடை. நீரிறக்கம் இருக்கும்போது மட்டும் போய்த் திரும்ப முடியும். பக்கத்து ஊரான லா புஷ்ஷின் அலை அட்டவணையை முன்தினமே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கே சிக்னலை நம்ப முடியாது.

இரண்டு இரவுத் திட்டம் இப்படிப் போகலாம். முதல் நாள் ரிட்ஜ், இரவு போர்ட் ஏஞ்சலஸ். இரண்டாம் நாள் கிரசென்ட் ஏரிக்கரையில் காலைச் சாப்பாடு, மாலை ஹோ, இரவு ஃபோர்க்ஸ். மூன்றாம் நாள் காலை ரியால்டோ, பிறகு வீடு. சமையலறை உள்ள அறையாகப் பாருங்கள். ஃபோர்க்ஸில் சைவச் சாப்பாட்டுக்குத் தேர்வு மிகக் குறைவு. குக்கரும் அரிசியும் காரில் இருந்தால் பெரியவர்கள் தெம்பாக இருப்பார்கள். கலாலாக், கிரசென்ட் ஏரி விடுதிகள் கோடைக்கு மாதக் கணக்கில் முன்பே நிறைந்துவிடும்.

## நார்த் கேஸ்கேட்ஸ்

மூன்றில் ஆட்கள் குறைவாகப் போவது இங்கேதான். நுழைவாயில் இல்லை, கட்டணம் இல்லை. 20-ஆம் நெடுஞ்சாலையே பூங்காவின் பார்வைத் தடம். டயாப்லோ ஏரிக் காட்சிமுனை 132-ஆம் மைல்கல்லில் சாலையோரம் இருக்கிறது. இறங்கி இருபது அடி வைத்தால் பச்சை கலந்த நீலத்தில் ஏரி. பனியாறுகள் பாறையை மாவாக அரைத்துத் தண்ணீரில் கலப்பதால் வரும் நிறம் அது. பனி உருகும் ஜூலை, ஆகஸ்டில் வெயில் விழுந்தால்தான் முழு நிறமும் தெரியும். மேகமான மே மாதத்தில் போய்விட்டு, படத்தில் பார்த்தது பொய் என்று திரும்புபவர்கள் உண்டு.

நியூஹேலம் ஊரில் கழிப்பறை, புல்வெளி, பெரிய மரங்களுக்குள் சமதளப் பாதை எல்லாம் கிடைக்கும். பிக்னிக்குக்கு இதைவிட நல்ல இடம் வழியில் இல்லை. ஏரியிலிருந்து இன்னும் 40 நிமிடம் கிழக்கே போக மனமிருந்தால் வாஷிங்டன் பாஸ், 5,477 அடி. குட்டி நடை, செங்குத்தான லிபர்ட்டி பெல் பாறை. அதற்குச் சற்று முன்னால் ரெய்னி ஏரிக்குப் போகும் ஒரு மைல் பாதை முழுதும் தார், சக்கர நாற்காலி போகும். ஜூலைக்கு முன் அங்கே பனி கிடக்கும்.

இங்கே கெடுப்பது மூன்று விஷயம். மார்பிள்மவுண்ட் தாண்டினால் மலை கடந்து மசாமா வரை எழுபது மைல் போலப் பெட்ரோல் கிடையாது, போனும் வேலை செய்யாது. குளிர்காலத்தில் பனிச்சரிவு அபாயத்தால் நெடுஞ்சாலையின் நடுப்பகுதியை மூடிவிடுவார்கள். பெரும்பாலும் நவம்பரிலிருந்து ஏப்ரல் கடைசி அல்லது மே வரை. மூன்றாவது காட்டுத்தீ. 2023-ல் சவர்டோ தீயால் இந்த நெடுஞ்சாலையே மூடப்பட்டது. ஆகஸ்ட், செப்டம்பரில் கிளம்புமுன் சாலை நிலவரத்தோடு காற்றுத் தரக் குறியீட்டையும் (AQI) பாருங்கள். 100-க்கு மேல் இருந்தால் ஆஸ்துமா உள்ள குழந்தையையோ இதய நோயுள்ள தாத்தாவையோ அழைத்துப்போகக் கூடாது.

அக்டோபர் முதல் வாரத்தில் லார்ச் மரங்கள் பொன்னிறமாகும். மேப்பிள் பாஸ் ஏழு மைல் சுற்றுக்கு ஊரே திரண்டு வரும், சாலையோரம் கார்கள் நீளும். வாஷிங்டன் பாஸ் பக்கம் சாலையிலிருந்தே அதே பொன்னிறம் தெரிகிறது. பெரியவர்களுக்கு அது போதும்.

## எந்தக் குடும்பத்துக்கு எது

பெற்றோர் ஜூனில் வந்து ஜூலை முதல் வாரம் திரும்பிவிடுகிறார்கள் என்றால் பாரடைஸை வற்புறுத்த வேண்டாம். குவினால்ட் அல்லது கிரசென்ட் ஏரிப் பக்கம் ஓர் இரவு தங்குங்கள். கைக்குழந்தை இருந்து, இரண்டரை மணி நேரமே முடியாது என்றால் மூன்றையும் விட்டு, சியாட்டிலிலிருந்து 30 மைலில் இருக்கும் 268 அடி ஸ்னோக்வால்மி அருவிக்குப் போய்விட்டு வாருங்கள். பார்க்கிங்கிலிருந்து காட்சிமேடை பக்கத்தில்தான். டிசம்பரில் குழந்தைகள் பனி கேட்டால் பாரடைஸ்தான். ஆனால் நவம்பர் 1 முதல் மே 1 வரை நான்கு சக்கர இயக்க வண்டியானாலும் சக்கரச் சங்கிலி காரில் இருக்க வேண்டும். பாரடைஸுக்கு ஏறும் வழியில் லாங்மயரில் உள்ள கேட்டை மாலையில் மூடுவார்கள், அதற்குள் இறங்கிவிட வேண்டும். சங்கிலி மாட்டுவதை வீட்டு வாசலில் ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். கொட்டும் பனியில் கையேட்டைப் படித்து மாட்ட முடியாது.

## பாஸ் கணக்கு

ரெய்னியரும் ஒலிம்பிக்கும் சேர்த்து 60 டாலர். அதே வருடத்தில் மூன்றாவது முறை எங்காவது போவதாக இருந்தால் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கான 80 டாலர் தேசியப் பூங்கா வருடாந்தர பாஸ் லாபம். ரெய்னி ஏரி, மேப்பிள் பாஸ் போன்ற வனத்துறைப் பார்க்கிங்குகளுக்குத் தனியாக நாளுக்கு 5 டாலர் உண்டு, இந்த பாஸ் அங்கேயும் செல்லும். மாநிலப் பூங்காக்களில் செல்லாது. நார்த் கேஸ்கேட்ஸ் திரும்பும் வழியில் டிசெப்ஷன் பாஸ் மாநிலப் பூங்காவில் பாலத்தடியில் இறங்கினால், மாநிலப் பூங்காக்களுக்கான டிஸ்கவர் பாஸ் வேண்டும். நாளுக்கு 10 டாலர், 2025 அக்டோபரிலிருந்து வருடத்துக்கு 45. நான்காம் வகுப்புப் படிக்கும் குழந்தை வீட்டில் இருந்தால் தேசியப் பூங்கா பாஸ் அந்த வருடம் முழுவதும் இலவசம், 'எவ்ரி கிட் அவுட்டோர்ஸ்' தளத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

62 வயது தாண்டியவர்களுக்கான சீனியர் பாஸ் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு மட்டும். சுற்றுலா விசாவில் வந்த பெற்றோருக்குக் கிடைக்காது. 2026 தொடக்கத்திலிருந்து, அமெரிக்காவில் வசிக்காத, 16 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களிடம் யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன், யோசெமிட்டி உள்ளிட்ட 11 பூங்காக்களில் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகக் கேட்கிறார்கள். வாஷிங்டனின் மூன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. பெற்றோரை இதே பயணத்தில் யெல்லோஸ்டோனுக்கும் அழைத்துப்போக நினைப்பவர்கள், இரண்டு பேருக்கு 200 டாலரைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு விடுதி பதிவு செய்யுங்கள்.